கிழிக்கச் சொல்லிக் கொடுத்த பேன்ட்

கூமாப்பட்டியில் சங்கையாவைத் தேடிப் போகிறவர்கள் தரையைப் பார்த்துத் தேடக் கூடாது. அண்ணாந்துகொண்டே தோப்புத் தோப்பாக நடக்க வேண்டும். எங்கே தேங்காய் தொம் தொம் என்று விழுகிறதோ அங்கே, கொஞ்சம் தள்ளியே நின்று, ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். மேலேயிருந்து “யாரு? என்ன சோலி?” என்று வரும். பெற்ற தாய் கூப்பிட்டாலும் அந்த இரண்டு கேள்விதான். இறங்கி, காலில் கிடக்கிற தளைக்கயிற்றைக் கழற்றித் தோளில் போட்ட பிறகுதான் மனிதர் சிரிப்பார்.

நாற்பத்தெட்டு வயது. நாலாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். பதினாறு வயதில் மரம் ஏற ஆரம்பித்து, இன்றைக்கும் ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்குகிறார். கான்சாபுரம் வரைக்கும் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், எதில் குளவி கூடு கட்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆதார் அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனபோது மெஷின் அவர் விரலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. ரேகை இருந்தால்தானே ஏற்க? “மரத்துல போய் எடுத்துக்கோங்க சார், அம்புட்டும் அங்கதான் ஒட்டியிருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பிறகு கண்ணைப் படம் பிடித்துத்தான் அட்டை கொடுத்தார்கள்.

உடுப்பு விஷயத்தில் அவருக்கு ஒரே கணக்கு. மரத்துக்குப் பட்டாபட்டி டவுசர், தரைக்கு அதன் மேலேயே ஒரு கைலி, கோயிலுக்கு வேட்டி. பேன்ட் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. கல்யாணமான மறுநாள் வத்திராயிருப்பு ஸ்டூடியோவில் படம் எடுப்பதற்காக, சேக்காளி பாண்டிச்செல்வத்தின் பேன்ட்டை இரவல் வாங்கிப் போட்டார். அந்தப் படம் இன்னும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. “போலீசு புடிச்சு உக்கார வச்ச மாதிரி” என்று அவர் மனைவி மாரியாத்தாள் அதைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வாள்.

மாரியாத்தாளைப் பற்றியும் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, சங்கையாவுக்கும் ஊரில் மரம் ஏறுகிற இன்னும் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் பட்டாபட்டி தைத்துக் கொடுப்பது அவள்தான். கால் மிதி மெஷின், சொந்தமாகக் கற்றுக்கொண்ட தையல். இரண்டு, எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையில் கிடைத்த எழுத்தை வாசிக்காமல் கீழே போடமாட்டாள். வடை மடித்த காகிதமானாலும் சரி, மாத்திரை அட்டையானாலும் சரி, முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பாள். வாசிப்பதோடு விடமாட்டாள், அதில் சொன்னபடியே செய்வாள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்த நேரம், சங்கையாவின் தங்கச்சி செல்வலட்சுமி இராஜபாளையத்திலிருந்து நேரே தோப்புக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

“அண்ணே!”

“யாரு? என்ன சோலி?”

“ஒன் தங்கச்சி. ஒனக்குப் பேன்ட் கொண்டாந்திருக்கேன்.”

மேலே அரிவாள் சத்தம் நின்றது. செத்த நேரம் கழித்து ஒரு காய்ந்த மட்டை மட்டும் விழுந்தது. அதற்குப் பின்னால் சங்கையா இறங்கினார்.

செல்வலட்சுமி இராஜபாளையத்தில் பன்னிரண்டு பவர் மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். எட்டுப் பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். ஆறு மாதமாக நைட்டி ஆர்டர் படுத்துவிட்டது. நாலு மெஷின் துணி போர்த்தித் தூங்குகிறது. இப்படியே போனால் அடுத்த மாதம் மூன்று பேரை நிற்கச் சொல்ல வேண்டும். அதிலும் முதலில் அனுசியாவை, கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால். அதைச் சொல்ல வாய் வராமல்தான் செல்வலட்சுமி ஒரு புது ஆர்டரைத் தேடிப் பிடித்திருந்தாள்.

“சக்கரம் வச்ச பலகையில நின்னுக்கிட்டு ரோட்டுல பறக்காவள்லா, டிவியில பாத்திருப்பியே. அப்படிப் பிள்ளைகளும், கடல்ல பலகையப் போட்டு அலை மேல ஏறுத பிள்ளைகளும் சேந்து கோவளத்துல ஒரு துணிக் கம்பெனி வச்சிருக்காவ. உப்புக்காத்துன்னு பேரு. அதுல ஒரு பிள்ளை நம்ம சீவில்லிபுத்தூரு மாட வீதிப் பிள்ளை, அனுக்ரஹான்னு. அவ கொண்டாந்த வேலை இது.”

“பலகையில ஏறி என்ன செய்வாவ?”

“கீழ விழுவாவ.”

“விழுறதுக்கா ஏறுதாவ? நான் விழாம இருக்கதுக்குல்லா ஏறுதேன்!”

பொட்டலம் பிரிந்தது. கேன்வாஸ் போலத் தடித்த துணியில், களிமண் நிறத்தில், நீளமான பேன்ட் ஒன்று. சங்கையா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“நம்ம ஊரு மில்லுல கழிச்சுப் போடுத பஞ்சை மறுபடியும் நூத்து நெய்ஞ்ச துணி அண்ணே. சாயம் கூட தண்ணியக் கெடுக்காத சாயமாம். பிளாஸ்டிக்கு கவர் போடக் கூடாது, காயிதத்துலதான் மடிக்கணும். பட்டனப் பாரு.”

சங்கையா பட்டனை நகத்தால் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. “ஏட்டி, இது சிரட்டைல்லா!”

“ஆமா. தேங்காச் சிரட்டைதான்.”

“முப்பத்திரெண்டு வருசமா நான் வெட்டித் தள்ளுன காயி, கடைசியில என் இடுப்புலயே வந்து உக்காரப் போவுதா!”

“பெரிய கூத்து என்னன்னா, புதுசு புதுசா வாங்காதீய, இருக்கதை வச்சு ரொம்ப நாளு போடுங்கன்னு அவியளே வாங்க வாறவங்ககிட்டச் சொல்லுதாவ. வாங்காதேங்குத வியாபாரிய நான் இப்பத்தான் பாக்கேன்.”

“பொழச்ச மாதிரிதான்.”

“நல்லாத்தான் பொழைக்காவ. சரி, கேளு. இதைப் போட்டுக்கிட்டு நீ தினமும் மரம் ஏறணும். ஒரு மாசத்துல கிழிச்சுக் குடுக்கணும்.”

“கிழிக்கவா? புதுத் துணியையா? ஏட்டி, மில்லுக் காத்து ஒனக்கு மூளைக்கு ஏறிருச்சா?”

செல்வலட்சுமி பொறுமையாகச் சொன்னாள். தைத்துக் கொடுத்ததைத் தைத்த ஊரிலேயே முரட்டு வேலைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் ஏற்பாடு. துணி கிழியலாம், அது துணியின் பாடு. தையல் விடக் கூடாது. துணிக்கு முந்தித் தையல் விட்டுவிட்டால் ஆர்டர் கிடையாது. ஏனென்றால் தையல் விட்ட பேன்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், தூக்கிப் போட்டால் அந்தப் பிள்ளைகள் சொல்லுகிற பேச்செல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

“இராஜபாளையத்துல யாரு போட்டாலும் இது ரெண்டு வருசத்துக்குக் கிழியாது. உக்காந்த எடத்துலேயே உக்காந்திருக்கவிய. ஒன் ஒடம்புல எதுவும் தாங்காது அண்ணே, அதான் ஓடி வந்தேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. கிழிஞ்ச பொறவு யாரும் தொடக் கூடாது. கிழிஞ்சது கிழிஞ்சபடி வரணும்.”

தங்கச்சி தன்னை இப்படித் தேடி வந்து ஒன்று கேட்டது, அவளுக்குக் கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. சங்கையா பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “கிழிச்சுருவோம்” என்றார்.

சொல்வது சுலபமாக இருந்தது. புதுத் துணியை அழுக்காக்கக் கூடாது என்பது அவர் கைக்குத் தெரிந்த பாடம், கிழிக்க வேண்டும் என்பது நேற்றுச் சொன்ன பாடம். முதல் மூன்று நாள் அவர் என்ன செய்தார் தெரியுமா? பேன்ட்டைப் போட்டார், அதற்கு மேல் பழைய கைலியைச் சுற்றித் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாம் நாள் மாலை பாண்டிச்செல்வம்தான் டீக்கடையில் வைத்துக் கேட்டார்.

“மாப்ள, பேன்ட்டக் கிழிக்கணும்னு சொன்னியே, கைலியில்லா கிழிஞ்சு கெடக்கு?”

கடையே சிரித்தது. சங்கையா கைலியைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, களிமண் நிறப் பேன்ட்டோடு நடுக்கடையில் நின்றார்.

“எந்த நாட்டுக்குக் கெளம்பிட்டீய?” என்று பெஞ்சில் இருந்த ஒருத்தர் கேட்டார்.

“ஒன் வீட்டுக்குத்தாம்லே. பொண்ணு கேட்டு வாரேன்.”

“எனக்கு மூணும் பயலுவ.”

“அப்ப ஒரு டீ சொல்லு.”

ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. சங்கையாவுக்கும் பழகிவிட்டது. அந்தப் பேன்ட்டில் ஆழமான பை இரண்டு இருந்தது அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. ஒன்றில் வெற்றிலைப் பொட்டலம், இன்னொன்றில் அரிவாள் தீட்டுகிற கல். இத்தனை வருசம் இதெல்லாம் இல்லாமலா மரம் ஏறினோம் என்று மேலே உட்கார்ந்து யோசித்தார். கிழிக்கத்தான் மனசு வரவில்லை. ஆனாலும் மரத்தோடு உரசி உரசி, சறுக்கி இறங்கி, வாக்குக் கொடுத்தபடி உழைத்தார்.

பத்தொன்பதாம் நாள், கான்சாபுரத்துத் தோப்பில், நெட்டையாய் ஒரு பழைய மரம். இறங்கும்போது பாதியில் ‘பர்ர்ர்’ என்று ஒரு சத்தம். சங்கையா மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார். முதலில் ஒரு சந்தோசம், கிழித்துவிட்டோம் என்று. அடுத்த நொடி ஒரு பயம். கிழிந்தது துணியா, தையலா? கீழே இறங்கிக் குனிந்து பார்த்தார். தொடையின் உள்பக்கம், மேலே, ஏறத்தாழக் கவட்டுக்குள். அந்த இடத்தைத் தன் கண்ணாலேயே பார்ப்பதற்கு ஒரு மனிதன் என்னென்ன கோணத்தில் வளைய வேண்டுமோ அப்படியெல்லாம் வளைந்துகொண்டிருந்தபோது, புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் வரப்பில் வந்தார்கள். சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் பேன்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். கைலி கட்டினார். தோப்புக்காரர் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இன்னும் பன்னிரண்டு மரம் பாக்கி. போகிற அவசரத்தில் மாரியாத்தாளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “பேன்ட்டு கிழிஞ்சிருச்சு. நாளைக்குக் கொண்டுபோய் லெச்சுமிகிட்டக் குடுக்கணும்.”

தொடக் கூடாது என்று தங்கச்சி சொன்னது தோப்பில். மாரியாத்தாள் அப்போது அங்கே இல்லை. சங்கையாவும் அதை வீட்டில் வந்து சொல்லவே இல்லை.

நாத்தனார் கொடுத்த துணி, கிழிந்து கிடக்கிறது, நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிழிந்தபடியே கொண்டுபோய்க் கொடுக்க மாரியாத்தாள் என்ன மானங்கெட்டவளா? பேன்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். இடுப்புப் பட்டியில் ஒரு சின்ன லேபிள் தைத்திருந்தது. தமிழில். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்து வாசித்தாள்.

“கிழிந்தால் தூக்கிப் போடாதீர்கள். தைத்துப் போடுங்கள். நெடுநாள் உடுத்துங்கள்.”

நல்ல கம்பெனி, புத்தியுள்ள பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள். ஊசியை எடுத்தாள்.

இருட்டுகிற நேரத்தில் சங்கையா திரும்பி வந்தபோது, பேன்ட் கட்டிலின் மேல் மடித்து வைத்திருந்தது. சீயக்காய் போட்டு அலசி, கஞ்சி போட்டு, வெயிலில் காயப்போட்டு, பெட்டி போட்டுக் கத்தி போல மடிப்பு எடுத்திருந்தது.

“ஏட்டி மாரி... என்ன செஞ்ச?”

“தச்சேன்.”

“எதுக்குத் தச்ச?”

“கிழிஞ்சிருந்துச்சு.”

சங்கையா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை முழுசாகச் சொன்னார். மாரியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இத அப்பமே சொல்லித் தொலைச்சா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“லாரி நின்னுச்சு.”

“லாரி!”

“சரி, கிழிஞ்சது துணியா, தையலா? அத மட்டும் சொல்லு.”

“துணின்னுதான் நெனைக்கேன். கண்ணாடியக் காணோம், கைத்தடவுல தச்சேன். தையல் ஓரந்தான் அது.”

சங்கையா தங்கச்சிக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். பிறகு செல்வலட்சுமி சொன்னாள், “பிரிச்சுக்கிரிச்சுப் பாத்துராதீய. நம்மளே ஏதோ பித்தலாட்டம் பண்ணோம்னு ஆயிரும். அப்படியே கொண்டாங்க. மதினியையும் கூட்டிட்டு வா. அந்தப் பிள்ளை தேருக்கு ஊருக்கு வந்திருக்கு, நாளைக்கு வருது.”

மறுநாள் பொட்டலத்தோடு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்த் திருவிழாக் கூட்டம் பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தது. இராஜபாளையத்தில் தங்கச்சியின் தையல் கூடத்துக்குள் நுழைந்தபோது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் எட்டுப் பெண்களின் கண்ணும் சங்கையாவின் கையிலிருந்த பொட்டலத்தின் மேல்தான் இருந்தது. ஓரத்து மெஷினில் அனுசியா. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, இருந்தாலும் தெரிந்திருந்தது.

அனுக்ரஹா ஸ்கூட்டரில் வந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள், நெற்றியில் மட்டும் மெல்லிசாய் ஒரு ஸ்ரீசூர்ணக் கோடு. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பேன்ட்டை விரித்துப் பிடித்தாள். மடிப்பு விறைத்து நின்றது.

“புதுசாட்டம் இருக்கே! அண்ணா, நீங்க இதைப் போடவே இல்லையா?”

“பத்தொன்பது நாள் போட்டேன் தாயி.”

“நம்ப முடியலையே” என்று சொல்லிக்கொண்டே அவள் பைக்குள் கையை விட்டாள். கை முழங்கை வரைக்கும் போய்ப் பேன்ட்டின் கால் வழியாக வெளியே வந்தது. அவள் தன் விரல்களைத் தானே பார்த்தாள். “பையில அடி எங்கே?”

மாரியாத்தாள் முன்னால் வந்தாள். “நாந்தான் வெட்டி எடுத்தேன். ஒட்டுப்போட அதே நெறத்துல வேற துணி இல்ல.”

“அதான் பஸ் டிக்கெட்டு காணாமப் போச்சா!” என்றார் சங்கையா, கணுக்காலைத் தடவிப் பார்த்தபடி. பைக்கு அடியில்லாத அந்தப் பேன்ட் பொட்டலத்தில்தான் வந்தது, டிக்கெட் அவர் சட்டையிலேயே இருந்தது என்பது வேறு விஷயம். பதற்றத்தில் மனிதருக்கு எதுவும் ஓடவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், செல்வலட்சுமி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அனுக்ரஹா உள்பக்கத்தைத் திருப்பி, கவட்டுக்குள் இருந்த ஒட்டைப் பார்த்தாள். நாலு மூலை வைத்த சதுரத் துண்டு, முனை மேலே பார்க்க, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடித் தையல். மேல்பக்கம் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து இழையோட்டியிருந்ததில் கிழிந்த இடமே தெரியவில்லை. அவள் முகம் வாடியது.

“அக்கா, தையல் அழகா இருக்கு. ஆனா எனக்கு இதுல ஒண்ணும் தெரியலையே. எது விட்டதுன்னு பார்க்கத்தானே கேட்டேன். கிழிஞ்சதைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே?”

“நீங்க தொடக் கூடாதுன்னு சொன்னது இவியகிட்ட” என்றாள் மாரியாத்தாள். “என்கிட்ட வேறல்லா சொன்னிய?”

“நான் உங்களைப் பார்த்ததே இல்லையேக்கா.”

மாரியாத்தாள் இடுப்புப் பட்டியைத் திருப்பி லேபிளைக் காட்டினாள். “இது யாரு சொன்னது? கிழிந்தால் தூக்கிப் போடாதீர்கள், தைத்துப் போடுங்கள். நீங்க சொன்னதத்தான நான் செஞ்சேன்? அந்த எடத்துல, தைக்கதுக்கு முந்தி எங்களக் கேளுங்கன்னு ஒரு வரி சேத்துப் போட்டிருக்கலாம்லா?”

அனுக்ரஹா லேபிளைப் பார்த்தாள், மாரியாத்தாளைப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நாலு வருஷமா இந்த லேபிளைத் தைக்கறோம். சொன்னபடி செஞ்ச முதல் ஆள் நீங்கதான்னு நினைக்கிறேன்.”

சிரிப்பு சிரிப்புதான், ஆர்டர் ஆர்டர்தான். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள், “பிரிச்சுத்தான் பார்க்கணும். நீங்களே பிரிங்கோ.”

மாரியாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டாள். செல்வலட்சுமி ஒரு பிளேடைக் கொடுத்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ராத்திரி கண்விழித்துப் படிக்கிற பிள்ளையைப் போலக் குனிந்து, தான் போட்ட தையலைத் தானே ஒவ்வொரு கண்ணியாக வெட்டினாள். சங்கையா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஐம்பது அடி உயரத்தில் குளவி கொட்டியபோது கூடப் பிடியை விடாத ஆள், இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் தொடை தங்கச்சியின் மானத்தை வாங்கிவிட்டதா இல்லையா என்பது அவர் முதுகுக்குப் பின்னால் தெரியப் போகிறது.

சதுரத் துண்டு கழன்றது. மேல் இழையும் பிரிந்தது. கிழிசல் வாயைத் திறந்தது.

பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சங்கையாவால் தாங்க முடியவில்லை. “என்னட்டி?” என்றார் சுவரைப் பார்த்தபடியே.

“துணிதான்” என்றாள் செல்வலட்சுமி. “அண்ணே, துணிதான் போயிருக்கு!”

கிழிசல் தையலிலிருந்து அரை விரல் தள்ளி ஆரம்பித்திருந்தது. குறுக்கே ஓடி, தையல் வரைக்கும் வந்து, அந்த இரட்டைத் தையலில் முட்டி, அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுபோயிருந்தது. ஒரு கண்ணி கூட விடவில்லை. அனுக்ரஹா அந்தத் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அது பாட்டுக்கு இருந்தது.

“இதைத் தைச்சது யாரு?”

செல்வலட்சுமி ஓரத்து மெஷினைக் காட்டினாள். அனுசியா எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாள்.

ஆனால் அனுக்ரஹாவின் நெற்றிச் சுருக்கம் இன்னும் போகவில்லை. “தையல் சரிதான். துணிதான் கொஞ்சம் தப்பான இடத்துல கிழிஞ்சிருக்கு. பலகையில ஓடறவாளுக்கு முட்டியிலதான் முதல்ல போகும். விழுந்தா முட்டிதானே தேயும். இந்த உள்தொடையில...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். போனை எடுத்து எதையோ தேடினாள். ஒரு அரைக்கால் சட்டையின் படத்தைக் காட்டினாள். நீல நிறம், அதே இடத்தில், அதே மாதிரி தேய்ந்து கிழிந்திருந்தது.

“இது என்னோடது. கடலுக்குப் போடறது. எல்லாருக்கும் இங்கேதான் போறது, ஏன்னே புரியாம இருந்தது. அலை மேல நிக்கறது கொஞ்ச நேரம்தான் அண்ணா. பாக்கி நேரமெல்லாம் பலகைக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டுண்டு, அலைக்குக் காத்துண்டு உக்காந்திருப்போம். பலகையில மணலும் உப்பும் ஒட்டிண்டிருக்கும், அது உரசிண்டே இருக்கும்.”

சங்கையா இப்போதுதான் சுவரை விட்டுத் திரும்பினார். “அப்ப நீங்களும் மரந்தான் ஏறுதிய தாயி. என்ன, உங்க மரம் படுத்துக் கெடக்கு.”

மாரியாத்தாள் படத்தை வாங்கி நெருக்கமாகப் பார்த்தாள். “இது கிழியாம என்ன செய்யும்? நாலு தையலும் ஒரே புள்ளியில வந்து முட்டுது பாருங்க. நடுவுல தனியா ஒரு துண்டு வைக்கணும். பட்டாபட்டிக்கு வைக்குத மாதிரி.”

“பட்டாபட்டிக்கா?”

“மரம் ஏறுதவியளுக்கு நான் அப்படித்தான் தைக்கேன். நாலு மூலைத் துண்டு, முனை மேல பாக்கணும். கால எங்கிட்டு விரிச்சாலும் இழுக்காது. இதுலயும் அப்படித்தான் ஒட்டு வச்சேன், கைப்பழக்கம்.”

“எனக்கு ஒண்ணு பார்க்கணுமேக்கா. கொண்டு வந்திருக்கேளா?”

மாரியாத்தாள் புருசனைப் பார்த்தாள். செல்வலட்சுமி அண்ணனைப் பார்த்தாள். எட்டுப் பெண்களும் பார்த்தார்கள். சங்கையா கைலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“யாராச்சும் பக்கத்துல வந்தீய, பஸ் ஏறிருவேன்.”

அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பு தெரு முனை டீக்கடை வரைக்கும் கேட்டதாம். பிறகு மாரியாத்தாள் சாக்பீஸை எடுத்து, வெட்டு மேசையின் மேல் பெரிதாக ஒரு படம் போட்டாள். அனுக்ரஹா அதைப் போனில் பிடித்துக் கோவளத்துக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து போன் வந்தது. வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசிவிட்டு உள்ளே வந்தாள்.

“முதல்ல அந்தத் துண்டு வச்சு முந்நூறு அரைக்கால் சட்டை. உங்ககிட்டத்தான். பேன்ட்டுக்கு முட்டியில கனமா இன்னொரு மடிப்பு வைக்கணும், அது அடுத்த மாசம். மாரியாத்தாள் அக்கா வந்து எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணும், அதுக்குத் தனியா கூலி.”

செல்வலட்சுமி பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “அனுசியா, அந்த நாலு மெஷின் மேல கெடக்க துணிய எடுத்துரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அனுசியா எடுக்கப் போன வேகத்தைப் பார்த்தால், யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் அரைக்கால் சட்டை மாதிரி தயாரானதும் அதுவும் சங்கையாவுக்குத்தான் வந்தது. கொடுப்பதற்கு முன்னால் அனுக்ரஹா ஒரு கத்தரியை வாங்கி இடுப்புப் பட்டியில் இருந்த லேபிளை வெட்டி எடுத்தாள்.

“இது மட்டும் அக்கா வாசிக்க வேண்டாம்.”

நாற்பது நாள் ஆயிற்று. சட்டை கிழியவில்லை. ஐம்பது நாள் ஆயிற்று. போன் வரும்போதெல்லாம் சங்கையா தலையைச் சொறிந்தார். “இன்னும் கிழியல தாயி. கோவிச்சுக்கிடாதீய. நானும் எம்புட்டோ உரசுதேன்” என்று பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி சொன்னார். ஊரில் மரம் ஏறுகிறவர்கள் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று மாரியாத்தாளை நச்சரித்தார்கள். பாண்டிச்செல்வம் மரமே ஏறுவதில்லை, அவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

ஐம்பத்து மூன்றாம் நாள் காலையில், மாரியாத்தாள் தோப்புக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். மேலே சங்கையா ஒரு குலையை வெட்டி, இடுப்போடு அணைத்துத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏதோ பொடியாக ஒன்று கீழே வந்து அவள் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். பாதிச் சிரட்டைப் பட்டன்.

மேலேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. சங்கையா அப்படிக் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை.

“போயிருச்சு! ஏட்டி மாரி, போயிருச்சுட்டி! தையல் இருக்கு, துணி இருக்கு, பட்டந்தான் தெறிச்சிருச்சு! லெச்சுமிக்குப் போனப் போடு!”

ஒரு கை மரத்தில், ஒரு கை இடுப்பில். பிடியை விட்டால் ஒன்று அவர் கீழே வருவார், இல்லையென்றால் அரைக்கால் சட்டை வரும். மாரியாத்தாள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே, பழக்க தோசத்தில், ரவிக்கையில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியின் மேல் கையை வைத்தாள்.

“ஊசியத் தொடாத!” என்று மரம் அலறியது.